கிருத்திகையன்று ஒரு கஸ்டர்ட்

எங்கள் வீட்டு மாடியில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர்கள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று, கைபேசிக்குள் போகும் ஏதோ ஒரு துண்டைப் பொருத்துகிறார்கள். அந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அது சூப்பர்வைசருக்கே தெரியாது என்றார்கள். நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லாததால் குக்கரில் முட்டை கஸ்டர்ட் செய்து, ஒரு கிண்ணத்தில் எனக்கும் கொண்டுவந்தார்கள்.

“ஆன்ட்டி, போன்ல பாத்துதான் செஞ்சோம். நல்லாருக்கான்னு உண்மையைச் சொல்லணும்” என்றாள் ஒருத்தி.

“ஏட்டி, இப்படி வாயையே பாத்துட்டு நின்னா அவங்க எப்படி முழுங்குவாங்க?” என்றாள் இன்னொருத்தி.

நன்றாகத்தான் இருந்தது. முதல் முறையிலேயே சரியாக வந்துவிட்டதாம். அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. எங்கள் வீட்டில் கஸ்டர்ட் என்பது ஒரு கிருத்திகை நாள் முழுவதையும் தின்றுவிட்டு, மறுநாள் ஓர் ஆளின் பிழைப்பையும் முடிவுசெய்த பண்டம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வடக்குப்பட்டுப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா ஏரியில் லஸ்கர். மதகைத் திறந்து மூடிக் கரையைக் காவல் காக்கும் ஊழியருக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் அது. பெயரில் இருக்கும் மிடுக்கு வேலையில் கிடையாது. ஊழியர் ஏணியில் அதற்குக் கீழே தரைதான். மழைக்காலத்தில் இரவெல்லாம் மதகடிக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். ஐப்பசியில் பிடிக்கும் இருமல் தை பிறந்துதான் அவரை விடும்.

எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி, அம்மாவின் பிறந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆள். பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை. வயலில் இறங்கினால் காலில் சேற்றுப்புண் வந்துவிடும். வேலை தேடி ஸ்ரீபெரும்புதூருக்குப் புறப்படுவார். சாப்பாட்டு நேரத்துக்குள் தேடி முடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். அப்பா அவரிடம் நேராகப் பேசுவதில்லை. பேச வேண்டியதைக் கூரையைப் பார்த்துச் சொல்வார்.

“தொர துன்னு முடிச்சாரான்னு கேளு. முடிச்சாருன்னா வூட்டுக்காரன் வந்து குந்தலாமா?”

“வாங்க மாமா, வாங்க. இன்னும் ரெண்டு உருண்டதான் கீது” என்று மாமா பதில் சொல்வார். என் மாமாவுக்கு என் அப்பா மாமா. ரோஷம் என்கிற சரக்கை அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதே வழியில் எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஏரிக்கரையில், அதிகாரிகள் வந்தால் தங்குவதற்கு ஒரு ஓட்டுப் பங்களா இருந்தது. அதைக் காவல் காத்து, வருகிறவர்களுக்குச் சமைத்தும் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், வயதாகிவிட்டது என்று குன்றத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். இடம் காலி. இன்ஜினியர் வரும்போது யாராவது சமைத்துப் போட வேண்டும். அவருக்குப் பிடித்தால் அந்த ஆளையே வைத்துக்கொள்வார். இந்தச் செய்தியை அப்பாதான் கொண்டுவந்தார். அதையும் கூரையிடம்தான் சொன்னார். சாப்பாட்டு முடிவில் இன்ஜினியருக்குக் கஸ்டர்ட் இருந்தாக வேண்டும் என்பதையும், தொரைக்கு விருப்பமிருந்தால் முயன்று பார்க்கலாம் என்பதையும் கூரை கேட்டுக்கொண்டது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவும் கிடைக்காவிட்டால், நெடுஞ்சாலையில் வடக்கே நாக்பூருக்குப் போகும் லாரி ஒன்றில் கிளீனராக ஏறிவிடப்போவதாக அறிவித்தார். டிரைவரிடம் பேசியும் வைத்துவிட்டாராம். எப்போதும்போல் வாய்வீச்சு என்று நினைத்தோம். ஆனால் தன்னுடைய இரண்டு சட்டைகளையும் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்துவிட்டார். அன்று மாலை அம்மா என் புவியியல் புத்தகத்தை எடுத்து வரச்சொல்லி, “நாக்பூரு எங்க கீது, காட்டு” என்றாள். காட்டினேன். அங்கிருந்து எங்கள் ஊர்வரை விரலை இழுத்துப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கஸ்டர்டை எங்கள் வீட்டில் யாரும் தின்றதில்லை. மாமா மட்டும் ஒருமுறை பங்களாவின் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். அவர் தந்த விளக்கம் இது: “முட்ட, பாலு, சக்கர. ஆவியில வேவணும். தட்டுல கவுத்தா நடுங்கணும், ஆனா ஒடையக் கூடாது. மேல கருப்பா பாகு வழியணும்.” பிற்காலத்தில் நான் எத்தனையோ டெண்டர் நிபந்தனைகளைப் படித்திருக்கிறேன். பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்னது ஒன்றுகூடக் கிடையாது.

இன்ஜினியர் வருவது கிருத்திகைக்கு மறுநாள் என்று தெரிந்தது. ஆக, ஒத்திகையைக் கிருத்திகையன்று நடத்த வேண்டும். எங்கள் வீட்டில் அன்று பெரியவர்கள் பகலில் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார்கள். மாலையில் விளக்கேற்றி, குன்றத்தூர் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் சோறு. கவிச்சி வாசலைத் தாண்டக் கூடாது. முட்டை கவிச்சியா இல்லையா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. அம்மா, கவிச்சிதான் என்கிற கட்சி.

“ஏன்க்கா, முருகரு கொடியிலயே கோழிதான கீது? அவுரு கோச்சிக்குவாரா?” என்று மாமா வாதாடினார்.

“கொடியில கீறது சேவலு. அது எப்படா முட்ட போட்டுச்சி?” என்றாள் அம்மா.

அத்தோடு விவாதம் முடிந்தது. உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. அடுப்பு, தோட்டத்தில் மூன்று செங்கல் வைத்து மூட்டப்படும். சமையலறைப் பாத்திரம் எதுவும் வெளியே வராது. வெந்நீர் போடும் அலுமினியக் குண்டானும், காலியான பால்மாவு டின்னும் போதும். அம்மா கொல்லை நிலைப்படிக்கு உள்ளேயே நின்று யோசனை மட்டும் சொல்வாள். அடை வைப்பதற்காகச் சேர்த்திருந்த முட்டைகளை அவள் கைப்படத் தரமாட்டாள். ஆனால் அவை எந்தப் பானையில், எந்த உமிக்கு அடியில் இருக்கின்றன என்று உரக்கச் சொல்லுவாள்.

இதில் ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. ருசி பார்க்க ஆளில்லை. மாமாவும் விரதம், வேலை கிடைக்க வேண்டுமே. சிறுபிள்ளைக்கு விரதம் கிடையாது என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. கஸ்டர்ட் என்றால் என்னவென்றே தெரியாத ஒருத்தி, அது சரியாக இருக்கிறதா என்று சான்று வழங்க வேண்டும். அரசுப் பணிக்கு அதைவிட நல்ல பயிற்சி இருந்திருக்க முடியாது.

முதல் முயற்சி பாலிலேயே போயிற்று. எங்கள் வீட்டில் பால் பொங்கி நுரை எழுந்து வழிந்தால்தான் காய்ந்த பால். இல்லையென்றால் அது பச்சைப்பால், வயிற்றுக்கு ஆகாது. மாமா பொங்கப் பொங்கக் காய்ச்சி, அப்படியே அடித்த முட்டையில் ஊற்றினார். முட்டை அந்த இடத்திலேயே வெந்து, பாலில் மிதக்கும் பொரியலாகிவிட்டது. நான் தின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன். தித்திப்பாக எதைக் கொடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“அவளக் கேக்காத. தட்டுல கவுத்துப் பாரு, நடுங்குதா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இரண்டாம் முறை பாலை ஆறவைத்தார். டின்னைக் குண்டானுக்குள் இறக்கி, இட்லிக்கு எரிப்பதுபோல எரித்தார். நொடிக்கொரு தரம் மூடியைத் திறந்து, தண்ணீரில் விரலை நனைத்துக் குத்திப் பார்த்தார். வெந்து வந்தது கவிழ்த்தால் அசையாமல் உட்கார்ந்தது. மேலெல்லாம் ஓட்டை.

“இட்லிதான்டா அது” என்றாள் அம்மா, நிலைப்படியிலிருந்து எட்டிப் பார்த்து.

“இட்லின்னு நீ சொல்லிக்கோ. இன்ஜினியரு இட்லிய பாத்ததில்லியா? அவுரு கண்டுபுட்ச்சிடுவாரு.”

பாகு அதைவிட மோசம். சர்க்கரையைக் கருக்க வேண்டும் என்று தெரிந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. ரேஷன் சர்க்கரை முழுவதும் புகையாகித் தென்னை மரத்தின் மேல் போயிற்று. மாமா கரண்டியைக் கீழே போட்டார். செங்கல் அடுப்புக்கு எதிரே குந்தி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் புகைக்காக மூடிக்கொண்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா நிலைப்படியைத் தாண்டினாள். தலைமுழுகி ஈரக்கூந்தலை முடிந்திருந்தவள், “நவுரு” என்று சொல்லி அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். கிருத்திகையன்று அவள் முட்டையைத் தொட்டதை அன்றைக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விறகை வெளியே இழுத்துத் தணலை மட்டும் விட்டாள். சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தைக் கரைத்துப் பாகு காய்ச்சி டின்னின் அடியில் ஊற்றினாள். முட்டையை உடைத்து ஊற்றிய கையோடு, அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூளையும் போட்டு அடித்தாள்.

“அக்கா! இன்னாக்கா பண்ண! தொரமாரு துன்ற பண்டம்க்கா அது!”

“தொரன்னா இன்னா? முட்ட வாட அவுருக்கு மட்டும் மணக்குமா?” என்றாள். முட்டை என்று ஒன்று இருந்தால் அதில் மஞ்சள் விழுந்தாக வேண்டும். அந்தக் கை அறுபது வயது வரை அதை மறந்ததில்லை.

மூடியின் மேல் ஒரு கல்லை வைத்து, திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தலைமுழுகப் போனாள். தணல் ஆறிய பிறகு மாமா டின்னைத் தட்டில் கவிழ்த்தார். அது இறங்கியது. நடுங்கியது. உடையவில்லை. பொன் மஞ்சளாக, மேலே வெல்லப்பாகு வழிய நின்றது. நான் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். முதல் முறையும் இதையேதான் சொன்னேன் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் விடியலில் அதே டின், அதே கல், அதே மஞ்சள். எது சரியாகப் போயிற்று என்று தெரியாதபோது எதையும் மாற்றாமல் இருப்பதுதான் முறை. நான் வேலை பார்த்த அலுவலகமும் அப்படித்தான் நடந்தது.

டின்னை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன். அப்பா ஏறி மிதிக்கவில்லை. கரை நெடுக, குண்டும் குழியும் பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். “ஆட்டாத. மூச்சக் கூட மெதுவா வுடு” என்று என்னிடம் சொன்னார். மாமா ஒரு கையில் கோழியும் மறுகையில் மசாலா மூட்டையுமாகப் பின்னால் வந்தார். கோழியிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், வேண்டுதலாக இருக்கலாம்.

பங்களாச் சமையலறையில் மாமாவுக்குக் கை ஓடவில்லை. பீங்கான் தட்டுகளையும், வரிசையாகத் தொங்கிய கரண்டிகளையும் பார்த்தார். வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கோழி அறுத்துச் சுத்தம் செய்தபடியே கிடக்க, அவர் கஸ்டர்ட் டின்னுக்குக் காவல்போல நின்றுவிட்டார்.

“மாமா, எனுக்கு ஒண்ணும் ஓடல மாமா” என்றார், அப்பாவைப் பார்த்து.

அப்பா கூரையைத் தேடவில்லை. நேராக அவர் முகத்தையே பார்த்து, “நவுருடா” என்றார். கதவைச் சாத்தினார். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மிளகாயையும் மஞ்சளையும் வைத்து இழைத்தார். அடுப்பைப் பற்றவைத்தார். எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அம்மா மாதத்தில் மூன்று நாள் சமையலறைக்கு வராதபோது எங்கள் வீட்டில் அப்பாதான் சமைப்பார். அங்கேயும் கதவைச் சாத்திக்கொண்டுதான். அம்மாவின் குழம்பைவிட அது ஒரு படி மேல் என்பது நான் உள்ளுக்குள் வைத்திருந்த கருத்து. குழம்பு கொதித்து முடிந்ததும் கரண்டியை மாமா கையில் கொடுத்துவிட்டு, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகச் சுற்றி, அப்போதுதான் மதகிலிருந்து வருகிறவர்போல வராந்தாவில் போய் நின்றார்.

மாமா பரிமாறினார். இன்ஜினியர் ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். கடைசியில் கஸ்டர்ட் வந்தது. மாமா டின்னைத் தட்டின் மேல் கவிழ்த்துத் தட்டினார். இறங்கவில்லை. இன்னொரு தட்டு தட்டினார். வராந்தாவில் அப்பா இருமினார். அப்புறம்தான் அது மெல்ல வழுகி இறங்கி, ஒருமுறை குலுங்கி நின்றது.

“ஏன் இவ்வளவு மஞ்சளா இருக்கு?” என்றார் இன்ஜினியர்.

கூரையிடம் சொன்னதற்கெல்லாம் பதில் சொல்லும் மாமா, காலி டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

“நாட்டுக்கோழி முட்டங்கய்யா” என்றார் அப்பா வாசலிலிருந்து. “வூட்டுக் கோழி. கரு அப்படித்தாங்க இருக்கும்.”

இன்ஜினியர் தலையாட்டிவிட்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். பிறகு இன்னொன்று. தட்டில் வழிந்திருந்த வெல்லப்பாகையும் வழித்துச் சாப்பிட்டார். துண்டில் கை துடைத்துக்கொண்டே அப்பாவை உள்ளே கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, குழம்பு யார் வச்சது?”

“மச்சாந்தாங்கய்யா.”

“நல்லா இருக்கு. ஆனா ஒரு விஷயம். முறைப்படி பாத்தா, வேலையில இருக்கிற லஸ்கரைக் கேட்டுட்டுதான் வெளியாளைப் பார்க்கணும். உனக்கு இந்த இடம் வேணும்னா உனக்குத்தான். ராத்திரிக் காவல் கிடையாது. பின்னால குடும்பத்தோட தங்க ரூம் இருக்கு. சமையல் தெரியுமா உனக்கு?”

அப்பா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வழக்கமாக அதிகாரிகள் முன்னால் மார்புக்கு நேரே கட்டுவார். கதவோரம் நின்ற எனக்கு அவர் விரல்கள் தெரிந்தன. நகக்கண் வரை மஞ்சள்.

“எனுக்கு அடுப்பு பத்த வெக்கவே தெரியாதுங்கய்யா.”

இன்ஜினியர் சிரித்தார். சரி, இவனே இருக்கட்டும் என்றார். மாமா “மாமா...” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அப்பாவுக்கு அந்த நேரத்தில் இருமல் வந்துவிட்டது. நீண்ட இருமல். அது ஓய்ந்தபோது இன்ஜினியர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

எனக்குக் கோபமாக வந்தது. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிற மனிதர், ஒரே சாப்பாட்டு வேளையில் இன்ஜினியரிடம் இத்தனை பொய் சொல்கிறார்.

திரும்பி வரும்போது மாமா பேசவேயில்லை. வேலை கிடைத்த மனிதர் கூத்தாடுவார் என்று எதிர்பார்த்தேன். கரை முடிகிற இடம்வரை பொறுத்துப் பார்த்த அப்பா, “இன்னாடா, வாயில கஸ்டர்ட்ட அடைச்சிகினு வர? குழம்புக்கு எத்தினி மொளகான்னு உங்கக்காவக் கேட்டுத் தெரிஞ்சிக்கோ. அடுத்த தபா நான் வரமாட்டேன்” என்றார். மாமா தலையை ஆட்டினார். சைக்கிளை அவரிடமிருந்து வாங்கித் தானே தள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவும் அன்றைக்கு மறுக்காமல் கொடுத்துவிட்டார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் மாமாவின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். உள்ளே போய், மடித்து வைத்திருந்த சட்டைகளைப் பையிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டாள். நான் அவள் பின்னாலேயே போய் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். மஞ்சளுக்கு அப்பா சொன்ன பதிலைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியாக அந்தப் பெரிய பொய்யைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“இன்ஜினியரே கேட்டாரா? உனக்கு வேணுமான்னு?”

“ஆமா. ராத்திரிக் காவல் கெடையாது, ரூம் கீதுன்னு கூடச் சொன்னாரு. அப்பாதான் அடுப்பே பத்த வெக்கத் தெரியாதுன்னிச்சி.”

அம்மா கொல்லைப் பக்கம் போனாள். அப்பா அங்கே சாம்பலைத் தொட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் ஊற்றினாள். மறுபடியும் மொண்டு ஊற்றினாள். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவள் ஊற்றுவதை நிறுத்தவில்லை, அவரும் கையை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சண்டை என்று நினைத்துத் தள்ளியே நின்றேன்.

பிறகு அம்மா உள்ளே வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத யாராண்டயும் சொல்லாத” என்றாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஓர் ஆம்பிளை சோறாக்குவது ஊரில் தெரிந்தால் மானம் போய்விடும். அதனால்தான் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிறார். அதனால்தான் அவ்வளவு பெரிய அதிகாரியிடமே மறைத்தார். அந்த அவமானத்தில்தான் அம்மாவும் அழுகிறாள். அவர்கள் இருவரையும் நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. மாமா பங்களாவின் ஓட்டுக்கூரைக்குக் கீழே தூங்க, அப்பா ஒவ்வொரு இரவும் லாந்தரை எடுத்துக்கொண்டு மதகுக்குக் கிளம்புவார். அவர் இருமிக்கொண்டே தெருவைக் கடப்பதைப் பார்த்தபடி நான் வாசலில் நிற்பேன். இந்த மனிதருக்குச் சமைக்கத் தெரியும் என்பது என்னால் ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று என்று எனக்கு அப்போது மிகவும் பெருமையாக இருக்கும்.